யாருடைய பழம்? – கென்யக் காப்பிச் சங்கங்கள் கற்பிக்கும் பாடம்

கூட்டுறவின் நன்மைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "சிறு துளி பெருவெள்ளம்" என்னும் பழமொழியை நாம் தவறாமல் எடுத்துக் கூறுகிறோம். துளிகள் சேர்ந்து வெள்ளமாகின்றன என்பது மெய்யே. ஆனால் வெள்ளத்தில் கலந்த பிறகு தன்னுடைய துளி எது என்று எவராலும் காட்ட முடியாது என்பதும் அதே அளவு மெய். அவ்வாறாயின், சங்கத்தில் பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் அங்கத்தினருக்கு, தமக்குரிய பங்கு குறையாமல் திரும்பி வரும் என்னும் உறுதி எங்கிருந்து பிறக்கிறது? ஆப்பிரிக்காவின் கீழ்த்திசையிலுள்ள கென்ய நாட்டுச் சிறு காப்பி விவசாயிகள் தங்கள் சங்கங்களின் மூலம் பழத்தைப் பதனிட்டு விற்கும் முறையை எடுத்துக்கொண்டு, இக்கேள்வியை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நம் வாசகர்களில் நெசவாளர்களும் இருக்கின்றனர், விவசாயிகளும் இருக்கின்றனர். நெசவாளர் ஒருவர் சங்கத்தில் ஒப்படைக்கும் சேலை, விற்பனையாகும் நாள்வரையில் இன்னார் நெய்தது என்று அடையாளம் காணக்கூடியது. அதன் நீளத்தையும் நெருக்கத்தையும் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் அளந்து பார்க்கலாம். காப்பிப் பழம் அப்படிப்பட்டதன்று. எடைத்தட்டில் இருக்கும்வரை அது ஒருவருடைய பழம். தொட்டியில் கொட்டிய கணத்திலிருந்து அது எல்லோருடைய பழம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

சங்கம் ஏன் தேவைப்பட்டது?

கென்யாவிற்குக் காப்பிச் செடியை முதன்முதலில் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுப் பாதிரிமார்கள். 1893-ஆம் ஆண்டில் டைட்டா குன்றுகளிலுள்ள பூரா என்னுமிடத்தில் அது பயிரிடப்பட்டது. பின்னர் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் அதைத் தங்களுடைய பயிராக்கிக்கொண்டனர். அந்நாட்டு மக்கள் காப்பி பயிரிடுவதற்கு நெடுங்காலம் தடையிருந்தது. 1930-களில் கிசீ, எம்பு, மேரு ஆகிய பகுதிகளில் சிறு அளவில் அனுமதி அளிக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஸ்வின்னர்ட்டன் திட்டத்திற்குப் பிறகே ஆப்பிரிக்க விவசாயிகள் பெருந்தொகையினராகக் காப்பி பயிரிடத் தொடங்கினர். இன்று கென்ய மலையின் சரிவுகளிலும் அபர்தேர் மலைத்தொடரின் அடிவாரங்களிலும், நியேரி, கிரின்யாகா, முராங்கா, கியாம்பு முதலிய மாவட்டங்களில், லட்சக்கணக்கான குடும்பங்கள் சில நூறு செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு காப்பி விவசாயம் செய்து வருகின்றன.

சில நூறு செடிகளை உடையவர் தனியே ஏன் பதனிட இயலாது? காரணம் பழத்தின் இயல்பிலேயே இருக்கிறது. சிவந்து பழுத்த காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோலுரித்துவிட வேண்டும். வைத்திருந்தால் அது புளித்துக் கெடும். தோலுரிக்க யந்திரம் வேண்டும். ஊறவைக்கத் தொட்டிகள் வேண்டும். கழுவ ஏராளமான நீர் வேண்டும். உலர்த்த உயரமான மேடைகள் வேண்டும். ஒரு நாளில் இரண்டு கூடை பழம் பறிப்பவர் இவ்வளவையும் தாமே அமைத்துக்கொள்ள முடியாது. அவர் தனியே செய்யக்கூடியது ஒன்றுதான்: பழத்தைத் தோலோடு அப்படியே வெயிலில் காயவைப்பது. நம் மலைத்தோட்டங்களில் இதைச் 'செர்ரி' என்பர். கென்யாவில் 'ம்புனி' என்பர். இதற்குச் சந்தையில் மிகக் குறைந்த விலையே கிடைக்கிறது. ஆகவே, ஓடைக்கரையில் பொதுவான பதன நிலையம் ஒன்றை அமைத்து, சுற்றுவட்டார விவசாயிகள் அனைவரும் அதற்குச் சொந்தக்காரர்களாக இருக்கும் ஏற்பாடு தோன்றிற்று. அவ்வூரார் அதனை 'ஃபாக்டரி' என்றே அழைக்கின்றனர். ஒரு சங்கத்திற்கு ஒரு நிலையமும் இருக்கலாம். பல நிலையங்களும் இருக்கலாம்.

பழம் செல்லும் வழி

அங்கே முக்கிய அறுவடை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், சிறு அறுவடை ஏப்ரல் மாதத்தையொட்டியும் நடைபெறுகின்றன. பறிக்கும் நாளில் விவசாயி காலையில் பழத்தைப் பறித்து, பிற்பகலில் தலைச்சுமையாகவோ, சைக்கிளிலோ, கழுதை வண்டியிலோ நிலையத்திற்குக் கொண்டுவருகிறார். வந்தவுடன் பழம் எடைபோடப்படுவதில்லை. முதலில் அதைத் தரையில் விரித்த படுதாவில் கொட்டி, காயையும், மிகப் பழுத்ததையும், நோய்கண்டதையும் விவசாயியே கையால் பொறுக்கி நீக்க வேண்டும். நிலையத்தின் பணியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பழம் தராசுக்குச் செல்லும். எடை பதிவேட்டில் எழுதப்படும்; விவசாயிக்கு ரசீது தரப்படும். அதன் பிறகே பழம் பொதுத் தொட்டியில் விழும்.

அன்று மாலையே தோலுரிக்கும் யந்திரம் ஓடத் தொடங்குகிறது. உரிந்த கொட்டைகள் கனத்திற்கேற்ப நீரோட்டத்தில் தரம் பிரிகின்றன. கனமானவை ஒரு தொட்டிக்கும் இலேசானவை மற்றொரு தொட்டிக்கும் செல்லும். கொட்டையின் மேலுள்ள வழுவழுப்பான பசை நீங்குவதற்காக ஓர் இரவோ அதற்குச் சற்று மேற்பட்ட காலமோ புளிக்கவிடுகின்றனர். பிறகு கால்வாயில் விட்டு நன்கு கழுவுகின்றனர். கழுவிய கொட்டையைத் தூய நீரில் மீண்டும் ஒரு நாள் ஊறவைப்பது கென்யாவின் தனி வழக்கம். அதன் பின்னர், இடுப்பளவு உயரமுள்ள கம்பிவலை மேடைகளில் பரப்பி, இரண்டு வாரங்கள்வரை உலர்த்துகின்றனர். உச்சி வெயிலிலும் இரவிலும் மூடிவைக்க வேண்டும். இடையிடையே கிளறிவிட வேண்டும். கெட்டவற்றைப் பொறுக்க வேண்டும். ஈரம் நூற்றுக்குப் பதினொன்று அளவுக்கு வந்ததும் அது 'பார்ச்மெண்ட்' காப்பியாகிறது. அது பிறகு உமி நீக்கும் ஆலைக்குச் சென்று, கொட்டையின் பருமனுக்கேற்ப வகைப்படுத்தப்பட்டு, பெரும்பாலும் நைரோபி நகரின் ஏலத்தில் விற்பனையாகிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு தொட்டியை ஒழுங்காகக் கழுவாமல் விட்டதால் முந்திய நாளின் கொட்டைகள் சில மூலையில் தங்கி அழுகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அக்கொட்டைகள் அடுத்த நாளின் காப்பியில் கலந்தால், கோப்பையில் துர்நாற்றமாக வெளிப்படும். ஏலத்தில் அந்தச் சரக்கு முழுவதற்கும் விலை இறங்கும். அன்று நல்ல பழம் கொடுத்தவருக்கும் அதே குறைந்த விலைதான். பொதுவில் கலந்த பொருளில் இலாபம் மட்டுமல்ல, ஒருவருடைய அசட்டையும் எல்லோருக்கும் பங்காகிறது.

விலை எப்படி நிச்சயிக்கப்படுகிறது?

பழத்தை ஒப்படைக்கும் நாளில் அதன் விலை யாருக்கும் தெரியாது. பருவம் முழுவதும் சேர்ந்த சரக்கு விற்று முடிந்த பிறகு, வந்த தொகையிலிருந்து செலவுகளைக் கழித்து, மீதியை மொத்தப் பழ எடையால் வகுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று அறிவிப்பார்கள். இதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நாமே அமைத்துக்கொண்டவை.

ஒரு நிலையத்தில் ஒரு பருவத்தில் 1,00,000 கிலோ பழம் சேர்ந்தது. நூறு கிலோ பழத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோ பார்ச்மெண்ட்டும், அதிலிருந்து 16 கிலோ சுத்தக் கொட்டையும் கிடைக்கும் என்று கொள்வோம். ஆக 16,000 கிலோ கொட்டை. கிலோ 600 ஷில்லிங் வீதம் விற்றால் வரவு 96,00,000 ஷில்லிங். கூலி, போக்குவரத்து, ஆலைக் கட்டணம், விற்பனைச் செலவு, கடன் தவணை ஆகியவை 19,20,000 ஷில்லிங். மீதி 76,80,000. இதை 1,00,000-ஆல் வகுத்தால், கிலோ பழத்திற்கு 76 ஷில்லிங் 80 காசு. பருவத்தில் 600 கிலோ பழம் கொடுத்த குடும்பத்திற்கு 46,080 ஷில்லிங் கிடைக்கும்.

இனி, தரம் பிரிப்பதில் கண்டிப்புக் காட்டாததால் காயும் கலந்து, விலை 500 ஷில்லிங்காகக் குறைந்தது என்போம். வரவு 80,00,000, செலவோ மாறவில்லை. மீதி 60,80,000, கிலோவுக்கு 60 ஷில்லிங் 80 காசு. அதே குடும்பத்திற்கு 36,480 ஷில்லிங்தான். 9,600 ஷில்லிங் நஷ்டம் படுதாவின் மேலேயே நேர்ந்துவிட்டது. பணியாளர் தம் பழத்தைத் திருப்பி அனுப்பினார் என்று கோபிக்கும் அங்கத்தினர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு நிலையை எண்ணுவோம். பதிவேட்டில் 1,00,000 கிலோ இருக்கிறது. மெய்யாக வந்த பழமோ 95,000 கிலோதான். 5,000 கிலோ, பழமே கொண்டுவராத ஒருவர் பெயரில் எழுதப்பட்டது. கிடைக்கும் கொட்டை 15,200 கிலோ; வரவு 91,20,000; செலவு போக மீதி 72,00,000. இதைப் பதிவேட்டின்படி 1,00,000-ஆல் வகுத்தால் 72 ஷில்லிங். மெய்யான எடையால் வகுத்திருந்தால் ஏறத்தாழ 75 ஷில்லிங் 79 காசு வரும். ஒவ்வொரு கிலோவிலும் ஏறத்தாழ 3 ஷில்லிங் 79 காசு மறைந்து, மொத்தம் 3,60,000 ஷில்லிங் பொய்ப் பெயருக்குப் போய்ச் சேர்கிறது. இதில் அபாயம் யாதெனில், எந்த அங்கத்தினருடைய ரசீதிலும் தவறு இராது. அவரவர் எடை சரியாகவே இருக்கும். மொத்த எடையையும் கிடைத்த கொட்டையின் எடையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கே குறை புலப்படும். ஆகவே ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டிய முதற்கேள்வி "எனக்கு எவ்வளவு?" என்பதன்று, "எத்தனை கிலோ பழத்திற்கு எத்தனை கிலோ கொட்டை கிடைத்தது?" என்பதே.

காத்திருக்கும் மாதங்கள்

இம்முறையின் பெரிய சங்கடம் காலதாமதம். பழம் கொடுத்த நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் செல்லும். பள்ளிக் கட்டணத்திற்கும் மருத்துவத்திற்கும் பணம் தேவைப்படும் குடும்பம் அதுவரை காத்திருக்க இயலாது. இந்த இடைவெளியிலேதான் தரகர் நுழைகிறார். அவர் கொடுப்பது குறைந்த விலை, ஆனால் ரொக்கம். சிலர் பழத்தை வெயிலில் காயவைத்து ம்புனியாக விற்றுவிடுகின்றனர். பழம் வெளியே சென்றால் நிலையத்திற்கு வரும் சரக்குக் குறைகிறது. காவற்காரர் சம்பளமும், கடன் தவணையும், யந்திரச் செலவும் குறைவதில்லை. எஞ்சியுள்ள பழத்தின் மேல் அவை அதிகச் சுமையாக ஏறுகின்றன. விலை மேலும் குறைய, மேலும் சிலர் வெளியே விற்கின்றனர். தரகரிடம் விற்பவரைத் துரோகி என்று ஏசுவதால் இது தீராது. முன்பணம் கொடுக்கச் சங்கத்திற்கு வழியிருக்க வேண்டும். கென்ய அரசு 300 கோடி ஷில்லிங் கொண்ட சுழல்நிதி ஒன்றை 2020-ஆம் ஆண்டையொட்டி ஏற்படுத்தி, ஒப்படைத்த பழத்தின் மேல் முன்பணம் வழங்க ஏற்பாடு செய்தது இதனாலேயே. 2023-ஆம் ஆண்டு முதல், ஏலத்தொகை இடைத்தரகர்களின் கணக்கில் தங்காமல், நேரடித் தீர்வு முறையின் மூலம் உரியவர்களின் கணக்குகளுக்குச் செல்லவும் வழி செய்யப்பட்டது.

மற்றொரு குறையையும் குறிப்பிட வேண்டும். பழம் பறிப்பவர், சுமப்பவர், படுதாவில் குனிந்து பொறுக்குபவர் பெரும்பாலும் பெண்கள். அங்கத்தினர் பதிவேட்டிலோ நிலத்துக்குரியவர் என்ற முறையில் கணவனின் பெயரே காணப்படுகிறது. பணமும் அப்பெயருக்கே செல்கிறது. உழைத்தவருக்குப் பணம் சேராத இடத்தில் பழத்தின் தரமும் நாளடைவில் குறைந்துவிடும். செடிகளில் ஒரு பகுதியை மனைவியின் பெயரில் பதிந்து, அவரையும் அங்கத்தினராகச் சேர்ப்பது சங்கத்திற்கே நன்மை தரும்.

மேற்பார்வை தளர்ந்த காலம்

கென்யச் சங்கங்களின் வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சங்கங்களின் மேல் அரசின் பிடி இறுக்கமாக இருந்தது. வரவு செலவுத் திட்டம் முதல் பணம் எடுப்பதுவரை அதிகாரிகளின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அங்கத்தினர்கள் தங்கள் சங்கத்தைச் சர்க்கார் காரியாலயம் போலவே கருதினர். 1989-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை முறிந்து, உலகச் சந்தையில் விலை சரிந்தது. பின்னர் 1997-ஆம் ஆண்டில் புதிய கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அரசின் மேற்பார்வை பெரும்பாலும் விலக்கிக்கொள்ளப்பட்டு, நிர்வாகம் அங்கத்தினர்களிடமே விடப்பட்டது.

நோக்கம் நல்லதே. ஆனால் கணக்குக் கேட்கும் பழக்கம் அங்கத்தினர்களுக்கு ஏற்படும் முன்னரே, கணக்குக் கேட்டுவந்த அதிகாரி விலகிவிட்டார். பல சங்கங்களில் நிர்வாகக் குழுவினர் பொதுக்கூட்டத்தின் அனுமதியின்றிக் கடன் வாங்கினர். நிலையத்துக்கு நிலையம் பூசல் மூண்டு, பெரிய சங்கங்கள் பல துண்டுகளாகப் பிரிந்தன. பழைய கடனை யார் ஏற்பது என்னும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. இறுதியில் 2004-ஆம் ஆண்டில் திருத்தச் சட்டம் கொண்டுவந்து, மேற்பார்வை அதிகாரங்களில் பலவற்றை மீண்டும் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. 1987–88-ல் ஏறத்தாழ 1,28,000 டன்னாக இருந்த நாட்டின் காப்பி உற்பத்தி, அண்மை ஆண்டுகளில் 50,000 டன்னையொட்டியே இருந்து வருகிறது. விலைச் சரிவும், நோயும், நகர வளர்ச்சியும் இதற்குக் காரணங்களே. எனினும், சங்கத்தின்மேல் நம்பிக்கை இழந்த விவசாயிகள் செடியைக் கவனியாமல் விட்டதும், வேரோடு பிடுங்கியதும் அக்காரணங்களுள் அடங்கும்.

அதிகாரி கூடாது என்றோ, அதிகாரியே போதும் என்றோ நாம் இதிலிருந்து முடிவு செய்யலாகாது. அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருகிறார். அங்கத்தினரோ பருவத்தில் வாரந்தோறும் தராசின் முன் நிற்கிறார். அவர் பாராததை அதிகாரி பார்ப்பது அரிது.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

நாம் இப்பணியில் சேர்ந்த புதிதில், நம் பகுதியிலுள்ள ஒரு பால் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். காப்பிப் பழத்தைப் போலவே பாலும் கலந்துவிட்டால் யாருடையதென்று அறிய முடியாத பொருள். மூதாட்டி ஒருவர் வந்து, தம் கணக்கில் குறைவு இருப்பதாக முறையிட்டார். பதிவேட்டைப் பார்த்தோம், அடித்தல் திருத்தல் இல்லை, கூட்டல் சரியாக இருந்தது. "கணக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது, அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மறுநாள் அவர் தம் வீட்டிற்கு வந்து பார்க்கும்படி வேண்டினார். மாட்டுக்கொட்டகையின் சுவரில், லிட்டருக்கு ஒரு நெடுங்கோடும் அரை லிட்டருக்கு ஒரு குறுங்கோடுமாக, அம்மாதம் முழுவதும் கரியால் கோடிட்டு வைத்திருந்தார். "சீட்டுக் கேட்டால் நாளைக்கு என்பார், ஐயா. அதனால் நானே எழுதிக்கொண்டேன்" என்றார்.

நெடுங்கோடுகள் பதிவேட்டோடு ஒத்திருந்தன. குறுங்கோடுகளில் ஒன்றுகூடப் பதிவேட்டில் இல்லை. மேலும் நான்கு வீடுகளில் விசாரித்தபோது, அங்கும் அரை லிட்டர்கள் விடுபட்டிருந்தது தெரிந்தது. அவை அனைத்தும் மாடே இல்லாத ஒருவர் பெயரில் வரவு வைக்கப்பட்டிருந்தன. பிறகு அத்தொகை உரியவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் படித்துப் பட்டம் பெற்ற நாம் பதிவேட்டின் கூட்டலை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்ததும், எழுதப் படிக்கத் தெரியாத அம்மையார் எழுதப்படாததைக் கண்டுபிடித்ததும் இன்றும் நம் நினைவில் உள்ளன. அன்று முதல், எச்சங்கத்திற்குச் சென்றாலும் பதிவேட்டைப் பிரிப்பதற்கு முன் ஐந்து அங்கத்தினர்களின் கைச்சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதை நாம் வழக்கமாகக் கொண்டிருக்கிறோம்.

கென்யாவிலும் அண்மை ஆண்டுகளில் பல நிலையங்களில் மின்னணுத் தராசுகள் வந்துவிட்டன. எடை உடனே அச்சாகிறது. கைபேசிக்கும் செய்தி செல்கிறது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும் பார்த்துச் சரிபார்க்கும் கண் ஒன்று இல்லாவிட்டால், அச்சிட்ட சீட்டும் மற்றொரு காகிதமே.

தொகுத்துரைப்பின், பொதுவில் கலக்கும் பொருளைக் கையாளும் சங்கத்திற்கு மூன்று இடங்கள் உயிர்நிலைகள்: தரம் பிரிக்கும் படுதா, தராசு, ரசீது. பொருள் நம் கையிலிருந்து பிரியும் முன் நாம் காணக்கூடியவை இம்மூன்றே. இவற்றில் நாம் காட்டும் கவனம், யாரையும் சந்தேகிப்பதாகாது. நேர்மையான காரியதரிசிக்கு அதுவே பாதுகாப்பு. அயலாருடைய பங்கைக் காப்பதும் அதுவே.

அங்கத்தினர் வட்டக் கூட்டங்களில் விவாதிக்கத்தக்க கேள்விகள்

1. நம் சங்கத்தில் அங்கத்தினரின் பொருள் எந்த இடத்தில் பொதுப்பொருளாகிறது? அதற்கு முன் அளவும் தரமும் அங்கத்தினரின் கண்ணெதிரே குறிக்கப்படுகின்றனவா?

2. சென்ற ஆண்டு நம் சங்கம் பெற்ற மூலப்பொருளின் மொத்த அளவு எவ்வளவு? அதிலிருந்து விற்பனைக்குக் கிடைத்த அளவு எவ்வளவு? இரண்டும் பொருந்துகின்றனவா?

3. நம் தராசு கடைசியாக எப்போது முத்திரையிடப்பட்டது?

4. பணம் தாமதமாவதால் வெளியே விற்கும் அங்கத்தினர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு முன்பணம் அளிக்க என்ன வழி?

5. உழைப்பவர் பெயர் அங்கத்தினர் பதிவேட்டில் இருக்கிறதா?